17043இல் இருந்து 48257 வரை: அக்கா வீடு மாறிய கதை

அக்டோபர் 11, 2024, வெள்ளி: நேப்பர்வில், இல்லினாய்

சாமான் ஏற்றும் லாரி காலை எட்டு மணிக்கு வருவதாகப் பேச்சு. வந்தது மாலை நாலரைக்கு. பாதிச் சாமான் உள்ளே போன பிறகு, போனில் சொன்னதைவிட அளவு கூடுதலாக இருக்கிறது, எழுநூறு டாலர் அதிகம் ஆகும் என்றார்கள். அக்கா சண்டைக்கு இறங்கினாள். அத்தான் பேசாமல் கையெழுத்துப் போட்டார். "சோபா உள்ள போனதுக்கு அப்புறம்தான் வாயத் திறக்குறானுக பாரு மாப்ள. தொழில் தெரிஞ்ச பசங்க." சாமான் எப்போது வந்து சேரும் என்று கேட்டோம். ஏழு நாளில் இருந்து பதினாலு நாளுக்குள்ளாம்.

இன்று ஆயுத பூஜை வேறு. பொரியும் பொட்டுக்கடலையும் அக்கா போன வாரமே வாங்கி வைத்திருந்தாள். அந்தப் பை லாரிக்குள் போய்விட்டது. மிச்சம் இருந்த கார், குக்கர், லேப்டாப்புகள் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, வாழைப்பழத்தை வைத்துச் சாமி கும்பிட்டு முடித்தோம்.

அக்கா குடும்பம் டல்லாஸுக்குக் கிழக்கே ஃபார்னி என்ற ஊருக்குப் போகிறது. அவளும் பிள்ளைகளும் விமானத்தில். காரை அத்தான் ஓட்டிப் போக வேண்டும், துணைக்கு நான் நியூஜெர்சியின் எடிசனில் இருந்து வந்திருக்கிறேன். நேர் வழியில் போனால் பதினைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். மிசிசிப்பி வழியாகச் சுற்றிப் போகலாம் என்று கெஞ்சியது நான்தான். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தரவு வேலை பார்க்கிறேன். எனக்கு ஒரு கவுன்ட்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, என்றால் ஐந்து இலக்க எண். அக்கா இதுவரை இருந்த டூபேஜ் கவுன்ட்டி 17043. இனி இருக்கப்போகும் காஃப்மன் கவுன்ட்டி 48257. வருமான வரிப் படிவத்தில் போன வருடம் ஒரு முகவரி, இந்த வருடம் இன்னொரு முகவரி என்று இருந்தால், வரித்துறை அதை வைத்தே எந்தக் கவுன்ட்டியில் இருந்து எங்கே எத்தனை பேர் போனார்கள் என்று அட்டவணை போடும். அந்த அட்டவணைகளோடுதான் பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அதில் வரும் ஊர்களில் பெரும்பாலானவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஏன் போகிறீர்கள் என்று அக்காவைக் கேட்டால் வீடு என்பாள். இங்கே இரண்டு படுக்கையறை வீடு, சொத்து வரியே மூச்சு முட்ட வைக்கிறது. அத்தானைக் கேட்டால் அலுவலகத்தை டல்லாஸ் பக்கத்துப் பிளேனோவுக்கு மாற்றிவிட்டார்கள் என்பார். பிள்ளைகளைக் கேட்டால் நீச்சல் குளம். நால்வரும் சொல்லாத காரணம் ஒன்று உண்டு: அதே டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கும் அண்ணாச்சி. கல்லூரியில் அத்தானுக்கு மூன்று வருடம் சீனியர். முன்பு இந்தச் சிகாகோ பக்கத்துக்கு வரச் சொன்னதும் அவரேதான்.

அக்டோபர் 12, சனி: அரோரா – மேரியன், இல்லினாய்

விஜயதசமியும் புரட்டாசி கடைசிச் சனியும் ஒரே நாளில். அரோரா பாலாஜி கோயிலில் கார் நிறுத்தவே அரை மணி நேரம் ஆனது. அத்தான் புரட்டாசி முழுக்கச் சைவம். மெம்ஃபிஸ் வழியாகப் போகிற பயணத்தை இந்த மாதத்திலா வைப்பது என்று நான் புலம்பியதை அவர் காதில் வாங்கவே இல்லை. கோயில் மடப்பள்ளியில் புளியோதரை, தயிர்சாதம், வடை வாங்கிக் கட்டிக்கொண்டு பதினோரு மணிக்குக் கிளம்பினோம். எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் நசுங்கியது.

57ஆம் எண் நெடுஞ்சாலை தெற்கே நூல் பிடித்ததுபோல் போகிறது. இரு பக்கமும் சோளமும் சோயாவும் அறுவடை. ஒரு மைல் நீள வயலில் ஒரே ஒரு இயந்திரம், அதற்குள் ஒரே ஒரு ஆள். அது கிளப்பும் தூசிதான் தூரத்தில் இருந்து முதலில் தெரிகிறது. இந்த நிலத்தில் வேலை இருக்கிறது, வேலைக்கு ஆள்தான் தேவையில்லை.

2010க்கும் 2020க்கும் நடுவில் நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட கவுன்ட்டிகளில் மக்கள்தொகை குறைந்தது. மாநில அளவில் குறைந்தவை மூன்றே: மேற்கு வர்ஜீனியா, மிசிசிப்பி, இல்லினாய். இதனால் இல்லினாய் நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தை இழந்தது, டெக்சாஸ் இரண்டைப் பெற்றது. நாங்கள் போகும் சாலையில் ஷாம்பெய்ன் விதிவிலக்குகளில் ஒன்று. அங்கே பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது, வருடா வருடம் புது மாணவர்கள் வருகிறார்கள். மதியம் அங்கே நிறுத்தி ஒரு பூங்கா மேசையில் புளியோதரையைப் பிரித்தோம். பக்கத்து மேசையில் ஆந்திரப் பையன்கள் மூன்று பேர் வாசனை பிடித்துத் திரும்பிப் பார்த்தார்கள். வடையில் மூன்றை அத்தான் தானம் செய்துவிட்டார். எனக்கு மிஞ்சியது ஒன்று.

எஃபிங்கமில் நெடுஞ்சாலை ஓரம் 198 அடி உயரச் சிலுவை. அங்கே பெட்ரோல் போட்டோம், காலனுக்கு மூன்றரை டாலர் பக்கம். தெற்கே போகப் போகக் குறையும் என்று அத்தான் அரை டேங்க்தான் போட்டார்.

இரவு மேரியனில் தங்கல். எழுபத்தொன்பது டாலர், வரி தனி. விடுதி நடத்துவது ஒரு குஜராத்தி அம்மா. அத்தான் நெற்றியில் இருந்த நாமத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கேட்காமலேயே இஞ்சி டீ கொண்டுவந்தார். இந்த ஊருக்கு எப்படி வந்தீர்கள் என்றேன். "என் மாமா பையன் கென்டக்கியில் விடுதி வைத்திருந்தான். இது விற்பனைக்கு வருகிறது என்று அவன்தான் சொன்னான். மேப்பில் எங்கே இருக்கிறது என்று வாங்கின பிறகுதான் பார்த்தோம்."

அக்டோபர் 13, ஞாயிறு: டாம்ஸ் – கேரோ – சவுத்ஹேவன்

காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி டாம்ஸ் ஊருக்குப் போனோம். உச்சக் காவல் சிறை ஒன்று 1998இல் இங்கே திறந்தார்கள். சுரங்கமும் ரயிலும் ஓய்ந்த பகுதிக்கு அது பெரிய வேலை வாய்ப்பு. தனிமைச் சிறையின் கொடுமையை எதிர்த்துப் பல வருடம் போராட்டம் நடந்தது, மாநில அரசுக்கும் செலவு கட்டவில்லை, 2013இல் மூடிவிட்டார்கள். போராடியவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். ஆனாலும் அந்த வாசலில் நின்றால் காவலர் குடும்பங்கள் எங்கே போயிருக்கும் என்றுதான் முதலில் தோன்றுகிறது. கணக்கெடுப்பு விதிப்படி கைதிகளும் சிறை இருக்கும் கவுன்ட்டியின் மக்களே. ஆக 2010இல் எண்ணிக்கைக்குள் இருந்த கைதிகளும் 2020இல் காணாமல் போனார்கள்.

இது அலெக்சாண்டர் கவுன்ட்டி, 17003. பத்தே வருடத்தில் 8,238 பேர் 5,240 ஆனார்கள். 36 விழுக்காடு சரிவு. என் அட்டவணையில் இந்த வரிசை எப்போதும் சிவப்பாகவே இருக்கும். ஏதோ தட்டச்சுப் பிழை என்று ஒரு தடவை மேலாளரே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

கேரோ நகரத்துக்குள் நுழைய வெள்ளக் கரையின் பெரிய இரும்புக் கதவு வழியாகப் போக வேண்டும். உள்ளே அகலமான வீதிகள், பழைய நூலகம், பணக்காரர்கள் வாழ்ந்த மாளிகைகள். கடைவீதியில் கூரை விழுந்த கட்டடங்கள், அதைவிட அதிகமாக வெறும் புல். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மூடியிருக்கிறதா, எப்போதுமே மூடியிருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. 1920இல் 15,203 பேர் இருந்த ஊர், 2020இல் 1,733.

இதற்குப் படகும் ரயிலும் போய் லாரி வந்தது ஒரு காரணம். 57ஆம் சாலைப் பாலம் 1978இல் ஊரைத் தொடாமலேயே வண்டிகளை மிசௌரிக்குக் கடத்திவிட்டது. ஆனால் அதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். கறுப்பின மக்களோடு சேர்ந்து குளிக்க மனமில்லாமல் நீச்சல் குளத்தையே மூடி, பிறகு சிமென்ட் போட்டு நிரப்பிய ஊர் இது. வேலை தராத வெள்ளையர் கடைகளைக் கறுப்பின மக்கள் 1969இல் இருந்து சில வருடம் புறக்கணித்தார்கள். கடைக்காரர்கள் ஆள் எடுப்பதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று முடிவு செய்தார்கள். ஊர் காலியாவதற்குப் பொருளாதாரம் மட்டும் போதாது, பிடிவாதமும் வேண்டும்.

ஊரின் தென்கோடியில் ஒஹையோவும் மிசிசிப்பியும் கூடுகின்றன. ஒன்று பச்சை, மற்றது செம்மண் நிறம், கொஞ்ச தூரம் ஒட்டாமலேயே ஓடுகின்றன. கூடும் இடத்தில் ஒஹையோதான் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது, பெயர் மட்டும் மிசிசிப்பிக்குப் போய்விட்டது. தண்ணீர் இறங்கி மணல் திட்டுகள் வெளியே தெரிந்தன. அங்கே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெண்மணி தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். தேவாலயத்துக்குப் போட்ட நல்ல உடையோடு இருந்தார். இங்கே இரண்டு பெரிய அரசுக் குடியிருப்புகள் இருந்தன. பராமரிப்பில்லாமல் பாழாகி, இனிமேல் வாழத் தகுதியில்லை என்று 2017இல் மத்திய வீட்டு வசதித் துறை அறிவித்தது. காலி செய்தவர்களுக்கு வாடகை உதவிச் சீட்டு கொடுத்தார்கள். அதைக் கொண்டு போய்க் கொடுக்க ஊரில் வாடகை வீடே இல்லை. இந்த அம்மா ஆற்றைத் தாண்டி மிசௌரியில் கேப் ஜிரார்டோவுக்குப் போனார், ஏனென்றால் அவர் தங்கை மகள் அங்கே இருந்தாள். ஞாயிறு தோறும் தேவாலயத்துக்காக வருகிறார். "நான் மாறவில்லை, மாற்றப்பட்டேன். எழுதுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்" என்றார். எழுதுகிறவன் என்று என்னை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. ஒருவேளை கையில் இருந்த நோட்டுப் புத்தகம்.

2011 வெள்ளத்தில் இந்த ஊரைக் காப்பாற்ற ராணுவப் பொறியாளர்கள் எதிர்க்கரையில் பேர்ட்ஸ் பாயின்ட் வெள்ளக் கரையை வெடி வைத்துத் திறந்தார்கள். 1,30,000 ஏக்கர் விளைநிலம் முழுகியது. பின்ஹுக் என்ற கறுப்பின விவசாயிகளின் சிற்றூர் அதோடு முடிந்தது. ஒரு காலி ஊரைக் காப்பாற்ற இன்னொரு ஊரைக் காலி செய்தார்கள் என்று மிசௌரிக்காரர்கள் இன்னும் சொல்கிறார்களாம்.

மெம்ஃபிஸ் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் புகையில் வாட்டிய இறைச்சியின் மணம். அத்தான் ஜன்னலை ஏற்றிவிட்டார். தங்கியது மெம்ஃபிஸில் இல்லை, மாநில எல்லையைத் தாண்டி மிசிசிப்பியின் சவுத்ஹேவனில், அங்கே பதினைந்து டாலர் குறைவு. அறை வாடகையில் நாங்கள் செய்த இதே கணக்கைத்தான் வீடு வாங்குவதில் ஆயிரக்கணக்கானோர் செய்திருக்கிறார்கள். 2010க்குப் பிறகு மாநிலத்தின் மொத்தம் குறைந்தபோதும் இந்த டிசோடோ கவுன்ட்டி வளர்ந்தது: 1990இல் 68 ஆயிரம், 2020இல் 1,85,000. மெம்ஃபிஸில் வேலை, இங்கே படுக்கை.

அக்டோபர் 14, திங்கள்: கிளார்க்ஸ்டேல், மிசிசிப்பி – ஸ்டட்கார்ட், ஆர்கன்சா

இரவில் காற்று திரும்பி, காலையில் நல்ல குளிர்ச்சி. 61ஆம் சாலையில் தெற்கே போனால் தரை தட்டையாகிறது, பருத்தி தொடங்குகிறது. கோவில்பட்டிக்காரரான அத்தான் காரை ஓரம் கட்டி இறங்கிவிட்டார். ஒரு காயைப் பிரித்துப் பஞ்சை இழுத்துப் பார்த்து, "இழை பரவாயில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். அறுவடை முடிந்த வயல்களில் மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றிய உருளைகள் கிடந்தன, ஆள் உயரத்துக்கு மேல். எடுப்பதும் கட்டுவதும் ஒரே இயந்திரம். சாலை ஓரம் எங்கும் பஞ்சுத் துணுக்குகள்.

கிளார்க்ஸ்டேலுக்கு வெளியே ஹாப்சன் பண்ணை. 1944 அக்டோபரில் பருத்தி எடுக்கும் இயந்திரத்தை இங்கேதான் ஊரைக் கூட்டி ஓட்டிக் காட்டினார்கள். ஆள் ஒருவர் மணிக்கு இருபது ராத்தல் எடுத்தால், இயந்திரம் ஆயிரம் ராத்தல். அதற்கு முன்பே ஆட்கள் போகத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்து ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய மடி வாட்டர்ஸ் 1943இல் இங்கிருந்து ரயிலேறிச் சிகாகோ போய்ப் பெரிய பாடகர் ஆனார். 1910களில் இருந்து 1970 வரை தென் மாநிலங்களை விட்டு வடக்கே போன கறுப்பின மக்கள் அறுபது லட்சம் பேர். இந்தப் பகுதிக்காரர்களுக்கு இல்லினாய் சென்ட்ரல் ரயில் நேராகச் சிகாகோவில் கொண்டுபோய் விட்டது, அதனால் சிகாகோ. கரோலினாக்காரர்களுக்கு ரயில் நியூயார்க் பக்கம் போனது, அதனால் நியூயார்க். யார் எங்கே போவது என்பதில் பாதியைத் தண்டவாளம் தீர்மானித்தது. மீதியை, முன்னால் போனவர் எழுதிய கடிதம்.

இப்போது அந்தப் பண்ணையில் கூலிக்காரர் குடிசைகளைத் தங்கும் அறைகளாக்கி வாடகைக்கு விடுகிறார்கள். தகரக் கூரை, உள்ளே ஏசி. எனக்கு அது ரசிக்கவில்லை. வறுமைக்கு இவ்வளவு வாடகையா என்று அத்தானும் முகம் சுளித்தார்.

மதியச் சாப்பாட்டில்தான் விபத்து. கொலம்பஸ் தின விடுமுறை, திறந்திருந்த கடைகள் குறைவு. ஒரு சிறிய உணவகத்தில் அத்தான் மிகவும் யோசித்து வேகவைத்த கீரை, சோள ரொட்டி, மக்காச்சோளம் என்று சொன்னார். பாதிக் கீரை உள்ளே போன பிறகு, "நல்லா இருக்கே, என்ன போட்டு வேகவைக்கிறீங்க?" என்று பாராட்டாகக் கேட்டார். பரிமாறிய அம்மா பெருமையாக, "பன்றியின் கணுக்கால், தேனே. இரவெல்லாம் கொதிக்க வேண்டும்" என்றார். அத்தான் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. விஷயம் புரிந்ததும் அந்த அம்மா பதறிப்போய், தட்டை எடுத்துக்கொண்டு, ஆப்பிள் பையும் ஐஸ்க்ரீமும் கொண்டுவந்து வைத்து, கடைசியில் காசே வாங்கவில்லை. "தெரியாமத் தின்னது கணக்குல வராது" என்று அத்தான் தனக்குத்தானே நாலு தடவை சொல்லிக்கொண்டார்.

நான் வெளியே போய் ஆறு டமாலே வாங்கினேன், எட்டு டாலர். மக்காச்சோள மாவுக்குள் காரமான இறைச்சி வைத்து, சோளத் தோகையில் சுருட்டிக் காரத் தண்ணீரிலேயே வேகவைப்பது. மெக்சிகோ வேலையாட்களிடம் இருந்து கறுப்பினக் கூலிக்காரர்கள் கற்றது என்கிறார்கள். ஆள் போனாலும் சமையல் தங்கிவிட்டது. ஆறையும் காலி செய்தேன். அக்காவிடம் சொல்வதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

டமாலே கடை வாசலில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். சிகாகோ தொப்பி. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தாய் தந்தை 1950களில் இங்கிருந்து போனவர்கள், அவர் பிறந்தது சிகாகோவில். இப்போது இங்கே வந்துவிட்டார். ஓய்வூதியம் இங்கே நன்றாக நீளும், பனி அள்ள வேண்டாம், வரி குறைவு என்று வரிசையாகச் சொன்னார். அப்புறம், "அத்தைக்குத் தொண்ணூற்றொன்று வயது. அவளுக்கு வேறு யாரும் இல்லை" என்றார்.

இதை அட்டவணை காட்டுவதில்லை. யாரைக் கேட்டாலும் முதலில் வரி, வீடு, வெயில். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு மனுஷர் வந்துவிடுகிறார். வேலையும் விலையும் ஊரை விட்டுக் கிளப்பும், ஆனால் எந்த ஊர் என்பதை முன்னால் போன சொந்தக்காரர்தான் சொல்கிறார். கணக்கெடுப்புத் துறை வருடா வருடம் கேட்கும் கேள்வியில் வீடு முதல் காரணம், குடும்பம் இரண்டாவது, வேலை அதற்கும் பிறகுதான் வரும். எனக்கு அந்த வரிசை எப்போதும் புதிராக இருந்தது, இங்கே இல்லை.

சிகாகோவுக்கும் இது புதிதில்லை. 1970இல் பதினொரு லட்சத்தைத் தொட்ட அந்நகரின் கறுப்பின மக்கள்தொகை இன்று எட்டு லட்சத்துக்கும் கீழே. பேரப்பிள்ளைகள் அட்லான்டா, ஹூஸ்டன், டல்லாஸ் போகிறார்கள். தாத்தா கிளம்பிய கிளார்க்ஸ்டேலுக்குத் திரும்புவது இந்தத் தொப்பிக்காரர்போல் சிலர் மட்டுமே. 1950இல் 49 ஆயிரம் பேர் இருந்த கவுன்ட்டி, 2020இல் 21,390.

மாலையில் ஹெலினா பாலம் ஏறி ஆர்கன்சாவுக்குள் போனோம். போக ஒன்று வர ஒன்று என்று இரண்டே தடம், எதிரே தானிய லாரிகள். அத்தான் மூச்சு விடாமல் ஓட்டினார். ஹெலினாவின் மோஹாக் டயர் ஆலை 1979இல் மூடியது, அந்தக் கவுன்ட்டியும் 1950இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிச்சம்.

அக்டோபர் 15, செவ்வாய்: ஸ்டட்கார்ட் – டெக்சார்கானா – ஃபார்னி

அமெரிக்க நெல்லில் கிட்டத்தட்டப் பாதி ஆர்கன்சாவில் விளைகிறது. அதன் நடுவில் இருக்கிறது ஸ்டட்கார்ட். நெல் சேமிக்கும் கோபுரங்கள் ஊரின் எல்லாக் கூரைகளுக்கும் மேலே நிற்கின்றன. நேற்று இரவு இங்கே சாப்பாட்டுக்கு அலைந்தோம். மேசைக்கு வந்தது உருளைக்கிழங்கு, இன்னொரு விதமான உருளைக்கிழங்கு, ரொட்டி. சோறு இல்லை. கடைசியில் கடையில் நுண்ணலை அரிசிப் பொட்டலம் வாங்கி, அறையில் சூடாக்கி, அக்கா கொடுத்த பருப்புப் பொடியைப் போட்டுச் சாப்பிட்டோம். அறுத்த வயல்களில் தண்ணீர் கட்டுகிறார்கள், வாத்துக்காக. குளிர்காலத்தில் வாத்து சுட வருகிறவர்கள்தான் ஊருக்கு இரண்டாவது அறுவடை.

காலையில் காப்பியோடு உட்கார்ந்து பழைய கோப்பு ஒன்றைப் பார்த்தேன். 2020 கணக்கெடுப்பு சரியா என்று கணக்கெடுப்புத் துறையே பிறகு மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தி, ஆறு மாநிலங்களில் ஆட்களை விட்டுவிட்டோம் என்று 2022இல் ஒப்புக்கொண்டது: இல்லினாய், டென்னசி, மிசிசிப்பி, ஆர்கன்சா, டெக்சாஸ், ஃபுளோரிடா. ஃபுளோரிடா தவிர மீதி ஐந்தும் எங்கள் பாதை! ஆர்கன்சாவில் விடுபட்டது 5 விழுக்காடு. இல்லினாயில் 2 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் இல்லினாய் குறையவே இல்லை, கூடத்தான் செய்தது. அத்தானிடம் சொன்னேன். "அப்ப போன எம்.பி. சீட்டத் திருப்பித் தருவானா?" மாட்டார்கள். "அப்ப என்ன மாப்ள பிரயோஜனம்?"

லிட்டில் ராக் தாண்டி, ஹோப் தாண்டி, டெக்சார்கானாவுக்குச் சற்று முன்னால் பின் டயர் இறங்கியது. ஆணி. டயர் கடைக்காரர் இருபது டாலர் வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் அடைத்துவிட்டார். டெக்சார்கானா ஊரின் நடுவில் ஒரு தெரு, அதுதான் மாநில எல்லை. இந்தப் பக்கம் ஆர்கன்சா, அந்தப் பக்கம் டெக்சாஸ். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதற்காக எல்லோரும் தெருவைக் கடந்து போய்விடக் கூடாதே என்று, ஆர்கன்சா தன் பக்கத்து டெக்சார்கானாவாசிகளுக்கு மட்டும் வருமான வரியை விலக்கிவிட்டது. நீங்கள் எந்தப் பக்கம் என்று கடைக்காரரைக் கேட்டேன். "ஆர்கன்சா. மாமியார் வீடு எதிரில்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா என்று சொல்ல மாட்டேன்.

இங்கிருந்து பெட்ரோல் இரண்டே முக்கால் டாலருக்கும் கீழே. ராக்வாலைத் தொட்டதும் வண்டிகள் நகரவில்லை. கடைசி இருபது மைலுக்கு ஒன்றரை மணி நேரம். இரவு ஒன்பதுக்கு ஃபார்னி. வீட்டில் காற்றடைத்த மெத்தைகள், குக்கர், அக்காவின் கோபம். லாரி ஓட்டுநர் போன் எடுக்கவில்லையாம்.

அக்டோபர் 16, புதன்: ஃபார்னி – ஃபிரிஸ்கோ

காலையில் கொல்லைப்புறம் போன அத்தான் என்னைக் கத்திக் கூப்பிட்டார். கையில் ஒரு மண்கட்டி, கறுப்பு. "மாப்ள, கரிசல்!" புல்லுக்கு நடுவில் விரல் நுழையும் வெடிப்புகள். உண்மைதான், இது டெக்சாஸின் கரிசல் சீமை. ஒரு காலத்தில் இங்கேயும் பருத்திதான். மழையில் ஊதி, வெயிலில் சுருங்கும் மண். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து வணக்கம் சொல்லிவிட்டு முதலில் சொன்னதே, "வீட்டின் அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விட மறக்காதீர்கள்" என்பதுதான். செடிக்கு இல்லை, அஸ்திவாரத்துக்கு! சுற்றிலும் சொட்டுக் குழாய் போட்டு மண்ணை ஈரமாக வைக்காவிட்டால் சுவர் வெடிக்குமாம். அக்கா அத்தானைப் பார்த்தாள். இதை வீடு விற்றவர் சொல்லியிருக்கவில்லை.

அவர் ஏசி மெக்கானிக். மடக்கு நாற்காலி நாலு கொண்டுவந்து கொடுத்தார், மனைவி ஒரு பாத்திரம் நிறைய பீன்ஸ் கொடுத்துவிட்டு, "இறைச்சி போடவில்லை" என்று அவராகவே சொன்னார். பிழைத்தோம். எங்கிருந்து வந்தீர்கள் என்றேன். கலிஃபோர்னியா என்று எதிர்பார்த்தேன். டல்லாஸ் கவுன்ட்டியின் மெஸ்கீட், பத்து மைல். மனைவியின் அக்கா அடுத்த தெரு. 2022 நடுவில் இருந்து 2023 நடு வரை, இருபதாயிரத்துக்கு மேல் ஆள் உள்ள கவுன்ட்டிகளில் நாட்டிலேயே வேகமாக வளர்ந்தது இந்தக் காஃப்மன்தான், 7.6 விழுக்காடு. அந்த வளர்ச்சியில் நிறையப் பேர் இவர்போல் பக்கத்துக் கவுன்ட்டிக்காரர்கள். டெக்சாஸ் வளர்கிறது என்று படிக்கிறோம், டல்லாஸ் கவுன்ட்டியோ உள்நாட்டுக் கணக்கில் வருகிறவரைவிடப் போகிறவரே அதிகம் என்று காட்டுகிறது. அமெரிக்கர்கள் ஓயாமல் வீடு மாறுகிறவர்கள் என்ற பேச்சும் பழசாகிவிட்டது. 1940களின் கடைசியில் வருடத்துக்கு ஐந்தில் ஒருவர் மாறினார், இப்போது பத்தில் ஒருவர்கூட இல்லை.

சொத்து வரி ரசீதின் மாதிரியை அத்தான் இன்றுதான் நிதானமாகப் படித்தார். கவுன்ட்டி, நகரம், பள்ளி, அதற்குக் கீழே குடிநீர்க் குழாயும் சாக்கடையும் போட்ட கடனை அடைக்கத் தனியாக ஒரு மாவட்ட வரி. கூட்டினால் நேப்பர்விலை நெருங்குகிறது. "வருமான வரி இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்க, இத ஒருத்தனும் சொல்லல." பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கப் போனால், மைதானத்தில் தற்காலிகத் தகர வகுப்புகள். சேர்க்கை வரிசையில் எங்களுக்கு முன்னால் ஐந்து குடும்பம்.

இது பரவாயில்லை. வடக்கே பிரின்ஸ்டன் என்ற ஊரில் 2020இல் 17 ஆயிரம் பேர், நாலு வருடத்தில் இரண்டு மடங்கு. தண்ணீரும் சாலையும் தாங்காமல், போன மாதம் நகர மன்றம் புது வீடுகளுக்கு அனுமதி கொடுப்பதையே நிறுத்திவைத்துவிட்டது.

மாலையில் ஃபிரிஸ்கோவுக்குப் போனோம். காரிய சித்தி அனுமான் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அண்ணாச்சி வீட்டில் இரவு உணவு. 1990இல் ஆறாயிரம் பேர் இருந்த ஊர் இது, 2020இல் இரண்டு லட்சம். அண்ணாச்சி வந்தபோது இந்தத் தெரு வெறும் புல்வெளியாம். மேசையில் தோசை, பூண்டுச் சட்னி, சுண்டல், புரட்டாசியின் கடைசி நாள் என்பதால் எல்லாம் சைவம். அண்ணாச்சி ஒரு பக்கம் தோசை வைத்துக்கொண்டே மறுபக்கம் போனில் யாருக்கோ வீட்டுக் கடன் வட்டி சொல்லிக்கொண்டிருந்தார். டிசம்பரில் இன்னும் இரண்டு குடும்பம் வருகிறதாம், ஒன்று சான் ஹோசேயில் இருந்து, ஒன்று நேப்பர்விலில் இருந்தேதான்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, எடிசன்ல வாடகை எவ்வளவு கொடுக்குறீங்க?"

சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தோசை வைத்துவிட்டு, என் மனைவியின் போன் நம்பரை அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.